கரப்பானும் ஒவ்வாமையும்

தமிழ்நாட்டில் ‘கரப்பான்’ என்னும் சொல்லைக் கேளாத குடும்பம் அரிது. பால்குடி மறவாத குழந்தையின் கன்னம் சிவந்து, தடித்து, நீர் கசியுமாயின், வீட்டிலுள்ள பாட்டியின் வாயில் முதலில் வரும் சொல் அதுவே. அடுத்து வருவது, “தாய்க்காரி என்ன தின்றாள்?” என்னும் வினா. அன்று முதல் அத்தாயின் இலையிலிருந்து கத்தரிக்காய் நீங்கும், கருவாடு நீங்கும், முட்டையும் மீனும் பின்தொடரும். ‘கரப்பான் பண்டம்’ என ஒரு பட்டியலே நம் அடுக்களைகளில் வாய்மொழியாக வழங்கி வருகின்றது. குழந்தை வளர்ந்து பள்ளிக்கு வரும்பொழுது வேறொரு வினா எழும்: “இது ஒட்டிக்கொள்ளுமா?”

உணவினால் வருவதா, ஒட்டிக்கொள்வதா என்னும் இவ்விரு வினாக்களுக்கும் இன்றைய மருத்துவ இயல் தரும் விடை யாது என்பதை விளக்குவதே இப்பேச்சின் நோக்கமாகும். நான் மருத்துவன் அல்லேன். பள்ளியில் பல்லாண்டு பணியாற்றித் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு உடல்நலவியலும் ஒரு பாடமாக இருந்தது. ஒன்றை விளக்க விரும்புபவன் முதலில் அதனைப் பிறவற்றிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும் என்பது அங்கே கற்ற விதி. அவ்விதிப்படியே தொடங்குகின்றேன்.

தோலில் அரிப்பு எழுந்தால் அதனைச் சொறி என்றோ படை என்றோ ஒரு பெயரில் அடக்கிவிடுவது நம் வழக்கம். ஆயின் அரிப்பைத் தரும் நோய்கள் பல. சிரங்கு என்பது, கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஓர் உண்ணி தோலினுள் வளை தோண்டி வாழ்வதால் வருவது. அது தொற்றும், ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்தால் அவ்வீட்டார் அனைவரும் ஒரே சமயத்தில் மருந்து பூசிக்கொள்ள வேண்டும். படர்தாமரை என்பது காளான் இனத்து நுண்ணுயிரால் வட்டமாகப் படர்வது, அதுவும் தொற்றும். காளாஞ்சகப்படை, முழங்கையிலும் முழங்காலிலும் வெள்ளிச் செதில்களோடு தோன்றுவது, அது தொற்றாது. மருத்துவர் எக்ஸிமா என அழைக்கும் கரப்பான் இம்மூன்றினும் வேறானது. அதுவும் தொற்றாது. தொட்டால் ஒட்டாது, ஒரே பாயில் படுத்தாலும், ஒரே துண்டில் துடைத்தாலும் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்லாது. இரண்டாம் வினாவுக்குரிய விடை இத்துணை எளிது. முதல் வினாவுக்கு விடை காணச் சற்றுத் தொலைவு செல்ல வேண்டும்.

எக்ஸிமா என்பது கிரேக்கச் சொல். கொதித்துப் பொங்குதல் என்பது அதன் பொருள். சிவந்த தோலின்மீது சிறு சிறு நீர்க்கொப்புளங்கள் எழுவதைப் பார்த்த பண்டைய மருத்துவர், அடுப்பில் பொங்கும் பாலை நினைத்தனர் போலும். இந்நோய் வயதுக்கேற்ப இடம் மாறும். கைக்குழந்தைக்குப் பெரும்பாலும் கன்னத்திலும் தலையிலும் தோன்றும். ஓடியாடும் பருவத்தில் முழங்கையின் மடிப்பு, முழங்காலின் பின்மடிப்பு, கழுத்து, மணிக்கட்டு ஆகிய இடங்களுக்குச் செல்லும். ஆண்டுக்கணக்கில் சொறிந்த இடம் தடித்துக் கருத்து, யானைத் தோல் போலாகும். நம் மாநிறத் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. கருமையும் சாம்பல் நிறமுமாகவே தெரியும். ஆதலின் நூல்களிலுள்ள படங்களை மட்டும் பார்த்து, “நம் பிள்ளைக்கு அது இல்லை” என்று முடிவு செய்தல் ஆகாது.

இந்நோயின் தலையாய அடையாளம் அரிப்பு. அரிப்பு முதலில் வருகின்றது. சொறிந்தபின் புண் வருகின்றது. புண் மேலும் அரிப்பைத் தருகின்றது. செக்கிழுக்கும் மாடுபோல் நோயாளி இவ்வட்டத்திலேயே சுற்றி வருவார். இரவில் அரிப்பு மிகும். உலகின் பல நாடுகளில் குழந்தைகளுள் ஐந்தில் ஒருவர் வரை இந்நோய்க்கு ஆளாகின்றனர் என்பர். அவர்களுள் பலருக்கு வயது ஏற ஏறத் தணிந்துவிடும். சிலருக்கு வாழ்நாள் முழுதும் விட்டுவிட்டு வரும்.

இனி, ஒவ்வாமை என்பதைக் காண்போம். 1906ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே என்பார் ‘அலர்ஜி’ என்னும் சொல்லைப் படைத்தார். வேறு விதமான எதிர்வினை என்பது அதன் கருத்து. ஒரே பொருள் பத்துப் பேர் உடலில் ஒரு விதமாகவும் பதினோராமவர் உடலில் வேறொரு விதமாகவும் வினைபுரிவதை அச்சொல் குறித்தது. தமிழில் ஒவ்வாமை என்று அழகாக வழங்குகின்றோம்.

இவ்வொவ்வாமைக்கு அடிப்படை யாது? நம் உடலில், நோய்க்கிருமிகளை இனம் கண்டு எதிர்க்கும் ஒரு காவற்படை உண்டு. ஊர்க் காவலாளி ஒருவன் திருடனையும் விருந்தினனையும் பிரித்தறிய வேண்டும். திருடனைக் கண்டு குரல் கொடாதவன் பயனற்றவன். விருந்தினனைத் திருடனென்று கருதி ஊரையே எழுப்புபவன் தொல்லை தருபவன். ஒவ்வாமை உடையவரின் காவற்படை இரண்டாம் வகையைச் சேர்ந்தது. முட்டை, நிலக்கடலை, மகரந்தத் தூள், வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய உண்ணி ஆகியவை கிருமிகள் அல்ல. எனினும் அவற்றைப் பகையென்று கருதி அப்படை போர் தொடுக்கின்றது.

இதற்கு ஒரு சான்று 1921ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் இருவர் தம் உடல்களையே ஆய்வுக்களமாக்கிக் கண்டது. குஸ்ட்னர் என்பாருக்கு மீன் ஒவ்வாது. பிராஸ்னிட்ஸ் என்பாருக்கு மீனால் யாதொரு கேடும் இல்லை. குஸ்ட்னரின் இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரில் சில துளியைப் பிராஸ்னிட்ஸ் தம் தோலில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன்சாற்றைச் செலுத்தியபொழுது, அதுவரை மீனால் துன்புறாத அவருடைய தோல் அவ்விடத்தில் மட்டும் தடித்துச் சிவந்தது. எனவே ஒவ்வாமையை விளைக்கும் பொருள் ஒன்று இரத்தத்தில் உள்ளது என்பது மெய்ப்பிக்கப்பட்டது. அப்பொருள் யாதென்று தெரிய மேலும் 45 ஆண்டுகள் சென்றன. 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானியத் தம்பதியரான இஷிஸாகா இணையரும், அதனையடுத்துச் சுவீடன் நாட்டு அறிஞர்களும் அதனைக் கண்டறிந்தனர். இன்று அது ‘ஐஜிஈ’ என்று வழங்கப்படுகின்றது. ஒவ்வாமைக்கென இரத்தச் சோதனை செய்யும்பொழுது அளக்கப்படுவது இதுவே.

கரப்பானும் ஒவ்வாமையும் ஒரே குடும்பத்தில் காணப்படுவதை மருத்துவர் நெடுநாளாகவே அறிந்திருந்தனர். கன்னத்தில் கரப்பானோடு தொடங்கிய குழந்தைக்கு, ஓரிரு வயதில் முட்டையோ பாலோ ஒவ்வாமற் போதலும், பள்ளிப் பருவத்தில் இழுப்பும், பின்னர் ஓயாத தும்மலும் வருதல் உண்டு. ஒன்றன்பின் ஒன்றாக வரும் இவ்வரிசையை ஒவ்வாமையின் அணிவகுப்பு என்பர். 1933ஆம் ஆண்டில் அமெரிக்கத் தோல் மருத்துவர்களான வைஸ், சல்ஸ்பெர்கர் ஆகிய இருவரும் இவ்வகைக் கரப்பானுக்கு ‘அடோபிக் டெர்மடைடிஸ்’ என்னும் பெயரை வழங்கினர். அப்பெயரே இன்றும் நிலைத்துள்ளது.

இங்கேதான் நம் முதல் வினா கூர்மையடைகின்றது. கரப்பானும் உணவு ஒவ்வாமையும் சேர்ந்து வருகின்றன. எனில், எது காரணம்? எது காரியம்? உணவு முதலில் உள்ளே சென்று, ஒவ்வாமையை விளைத்து, அது தோலில் கரப்பானாக வெளிப்படுகின்றது என்றே பல காலம் கருதி வந்தனர். நம் பாட்டிமார் கருத்தும் அதுவே. கடந்த இருபது ஆண்டுகளில் கிடைத்த சான்றுகள் இவ்வரிசையைப் பெரும்பாலும் தலைகீழாகத் திருப்பிவிட்டன.

முதற் சான்று தோலைப் பற்றியது. நம் தோலின் மேலடுக்கு, செங்கல்லும் சாந்தும் கொண்டு எழுப்பிய சுவர் போன்றது. தட்டையான உயிரணுக்கள் செங்கற்கள். அவற்றின் இடையே உள்ள கொழுப்புப் பொருள் சாந்து. இச்சுவர் உள்ளிருக்கும் நீரை வெளியே விடாது. வெளியிலுள்ள தூசியையும் கிருமியையும் உள்ளே விடாது. இச்சுவரை உறுதியாக்கும் புரதங்களுள் ஒன்று ஃபிலாக்ரின் என்பது. அப்புரதத்தை ஆக்கும் மரபணுவில் குறை உடையோர்க்குக் கரப்பான் வரும் வாய்ப்பு மிகுதி என்பதை, 2006ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டு டண்டீ நகர அறிஞர்களும் அவர்தம் கூட்டாளிகளும் கண்டறிந்தனர். கரப்பான் உடையோர் அனைவருக்கும் இக்குறை இல்லை; குறை உடையோர் அனைவருக்கும் கரப்பான் வருவதும் இல்லை. எனினும் நோயின் வேர் ஒன்று தோலிலேயே உள்ளது என்பது இதனால் தெளிவாயிற்று.

இதில் கருதத்தக்க மற்றொரு செய்தி உண்டு. இம்மரபணுக் குறையும் கரப்பானும் சேர்ந்து உடையவர்க்கு இழுப்பு நோய் வரும் வாய்ப்பும் மிகுதியாகின்றது. ஆனால் மூச்சுக்குழாயின் உட்சுவரில் ஃபிலாக்ரின் இல்லை. தோலில் மட்டும் உள்ள குறை மூச்சுக்குழாயில் நோயை விளைப்பது எவ்வாறு? தோலின் வெடிப்பு வழியே உள்ளே நுழைந்த தூசியையும் துகளையும் கண்டு காவற்படை பகைமை கொண்டது. அப்பகைமை பின்னர் மூச்சுக்குழாயிலும் வெளிப்பட்டது எனக் கொண்டால் இப்புதிர் அவிழ்கின்றது.

இரண்டாம் சான்று உணவைப் பற்றியது. லண்டன் நகரத்துக் குழந்தை மருத்துவர் கிடியன் லாக் என்பாரும் அவர் குழுவினரும் நிலக்கடலை ஒவ்வாமை உடைய குழந்தைகளின் வரலாற்றை ஆராய்ந்து, கடலையெண்ணெய் கலந்த களிம்பை அழற்சியுற்ற தோலில் பூசியதற்கும் அவ்வொவ்வாமைக்கும் தொடர்பு இருத்தலை 2003ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 2008ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் வாழும் யூதக் குழந்தைகளையும் இஸ்ரேலில் வாழும் யூதக் குழந்தைகளையும் ஒப்பிட்டனர். இங்கிலாந்துக் குழந்தைகளிடம் நிலக்கடலை ஒவ்வாமை ஏறத்தாழப் பத்து மடங்கு மிகுதியாக இருந்தது. இஸ்ரேலில் பச்சிளம் பருவத்திலேயே கடலைப் பண்டத்தை உண்ணக் கொடுப்பது வழக்கம். இங்கிலாந்திலோ அஞ்சி விலக்கி வந்தனர். உண்டவர்களை விட விலக்கியவர்களே துன்புற்றனர்.

இதனை உறுதி செய்ய அவர்கள் 640 குழந்தைகளைத் தேர்ந்தனர். அனைவரும் 4 முதல் 11 மாதத்தினர்; கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இரண்டுமோ உடையவர்கள். ஒரு பாதியினர்க்கு நிலக்கடலைப் பண்டத்தை ஒழுங்காக உண்ணக் கொடுத்தனர். மறு பாதியினர்க்கு அறவே விலக்கினர். ஐந்தாம் வயதில் சோதித்தபொழுது, விலக்கியவருள் நூற்றுக்கு 17 பேருக்கு நிலக்கடலை ஒவ்வாமை இருந்தது. உண்டவருள் நூற்றுக்கு 3 பேருக்கே இருந்தது. இம்முடிவு 2015ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதன்பின் மேனாடுகளில் மருத்துவர் கூறிவந்த அறிவுரையே மாறிப்போயிற்று.

மூன்றாம் சான்று ஜப்பானிலிருந்து வந்தது. அங்கே ஒரு முகச் சோப்பில் பக்குவப்படுத்திய கோதுமைப் புரதத்தைச் சேர்த்திருந்தனர். அதனை நாள்தோறும் முகத்தில் தேய்த்து வந்தோருள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர்க்கு, அதுவரை தொல்லையின்றி உண்டு வந்த கோதுமை உணவே ஒவ்வாமற் போயிற்று. தோல் வழியே அறிமுகமான பொருளை உடல் பகையாகக் கருதுதல் கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இம்மூன்று சான்றுகளையும் சேர்த்து நோக்கினால் ஒரு கருத்துப் புலப்படும். வாயில் வழியாக வரும் விருந்தினனை வீடு ஏற்றுக்கொள்கின்றது. சுவரில் துளை வழியே நுழைபவனைத் திருடன் என்று கருதுகின்றது. உணவு வாய்வழி முறையாகச் சென்றால் குடல் அதனை நட்பாகக் கொள்ளப் பழகுகின்றது. அதே உணவின் துகள், வெடித்த தோல் வழியே நுழைந்தால் உடல் அதனைப் பகையாகக் கொள்கின்றது. ஆகவே, பல குழந்தைகளிடத்தில் கரப்பான் முந்தியது, ஒவ்வாமை பிந்தியது.

அங்ஙனமாயின் உணவினால் கரப்பான் மிகுவதே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, ஆனால் எல்லோர்க்கும் இல்லை. மிதமானதும் கடுமையானதுமான கரப்பான் உடைய சிறு குழந்தைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உண்மையான உணவு ஒவ்வாமை உடன் இருக்கும் என்பர். இலேசான கரப்பான் உடையவரிடம் அது மிகவும் குறைவு. உண்மையான உணவு ஒவ்வாமை பெரும்பாலும் உண்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தன்னைக் காட்டிவிடும்: உதடு வீங்கும், உடல் எங்கும் தடிப்பு எழும், வாந்தி வரும், மூச்சுத் திணறும். மூச்சுத் திணறலும் மயக்கமும் உயிருக்கே ஊறு செய்வன; ஒரு நொடியும் தாழ்க்காது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அவ்வாறின்றி, “போன வாரம் கத்தரிக்காய் தின்றான், இந்த வாரம் அரிக்கின்றது” என்பது சான்றாகாது. கரப்பான் தானே ஏறியிறங்கும் இயல்புடையது. ஏறும்பொழுது அருகில் எது கிடந்ததோ அதன்மேல் பழி விழுகின்றது.

இரத்தச் சோதனையைப் பற்றியும் ஒரு சொல். அச்சோதனையில் பத்துப் பண்டங்களுக்கு எதிரான ஐஜிஈ தென்பட்டால், பத்தும் ஒவ்வா என்று பொருளாகாது. காவலாளி சந்தேகத்துடன் நோக்குகின்றான் என்பதே அதன் பொருள், அடித்தான் என்பதன்று. உண்டபொழுது தொல்லை நேர்ந்ததா என்பதே இறுதிச் சான்று. சோதனைத் தாளை மட்டும் நம்பிப் பாலையும் முட்டையையும் பருப்பையும் கோதுமையையும் ஒருங்கே விலக்கினால் வளரும் குழந்தை மெலிந்துபோகும். உறவினர் வீட்டிலேயே அத்தகைய குழந்தை ஒன்றைப் பார்த்திருக்கின்றேன். இரண்டு வயதில் கஞ்சியும் சர்க்கரையுமே உணவு. கை கால்கள் குச்சியாயின. கரப்பானோ இம்மியும் குறையவில்லை. குழந்தை மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில் ஒவ்வோர் உணவாகத் திரும்பக் கொடுத்தபொழுது, முட்டை ஒன்றைத் தவிர அனைத்தும் அக்குழந்தைக்கு ஒத்துக்கொண்டன. பத்தியம் என்பது நோய்க்கு மருந்தாக வேண்டும். நோயின்மேல் மற்றொரு நோயாகிவிடலாகாது. நெடுநாள் விலக்கி வைத்த உணவைத் தாமே திடீரெனத் திரும்பக் கொடுப்பதும் தீங்கு தரலாம் என்பதை இங்கே சேர்த்துச் சொல்கின்றேன். கடுமையான கரப்பான் உடைய பச்சிளங் குழந்தைக்கு முதன்முதலாக நிலக்கடலையோ முட்டையோ கொடுக்குமுன்னும் மருத்துவரைக் கேட்டல் வேண்டும். முழுக் கடலை மணியைச் சிறு குழந்தைக்குக் கொடுத்தலே ஆகாது. அது தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

இதுவரை கூறியது குழந்தைப் பருவக் கரப்பான். பெரியவர்க்கு வரும் மற்றொரு வகை உண்டு. குறிப்பிட்ட ஒரு பொருள் தோலில் பட்டு, ஓரிரு நாள் சென்றபின் அந்த இடத்தில் எழுவது அது. இதில் ஐஜிஈக்கு இடமில்லை. காவற்படையின் வேறொரு பிரிவு மெல்லச் செயற்படுகின்றது. சேராங்கொட்டைச் சாற்றால் சலவைத் தொழிலாளர் துணிக்குக் குறியிட்ட காலத்தில், சட்டைக் கழுத்தின் குறிபட்ட பிடரியில் சிலர்க்குப் புண் எழுந்தது இவ்வகை. கொத்தனார் கைகளில் சிமெண்டிலுள்ள குரோமியத்தால் எழுவதும் இவ்வகை. டென்மார்க் நாட்டில் 1981ஆம் ஆண்டு முதல் சிமெண்டில் இரும்பு சல்பேட்டைச் சேர்த்து அக்குரோமியத்தின் தீமையைக் குறைத்தனர். அங்கே கட்டடத் தொழிலாளரிடை இந்நோய் அருகிற்று. நிக்கல் கலந்த மலிவான தோடும், தலைச்சாயமும், ரப்பர்ச் செருப்பும் இப்பட்டியலில் அடங்கும். பார்த்தீனியம் என்னும் களைச்செடி 1950களின் நடுவில் புனே நகரில் காணப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவியது. அதன் நுண்துகள் காற்றில் வந்து படிவதால் உழவர் பலருக்கு இமையிலும் கழுத்திலும் கரப்பான் எழுகின்றது. இவ்வகையில் எப்பொருள் பகை என்று அறிய, ஐயத்துக்குரிய பொருள்களைச் சிறு ஒட்டுகளாக முதுகில் ஒட்டி இரண்டு நாள் கழித்துப் பார்க்கும் சோதனை உண்டு. பொருளைக் கண்டறிந்து விலக்கினால் நோய் தணியும்.

இனி, செய்யத்தக்கன யாவை? தோற்சுவரைப் பழுதுபார்த்தலே முதற் கடமை. வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் குளிப்பாட்டி, ஈரத்தை ஒற்றியெடுத்து, சில நிமிடங்களுக்குள் மணமில்லாத வெள்ளை வாசலின் போன்ற மெழுகுப் பொருளைத் தாராளமாகப் பூச வேண்டும். நாள்தோறும் செய்ய வேண்டும். புண் ஆறிய பின்னும் செய்ய வேண்டும். கார மிகுந்த சோப்பும், சீயக்காயும், சொரசொரப்பான மாவுத் தேய்ப்பும் வெடித்த தோலுக்கு ஆகா. உணவுப் பொருள்களை அரைத்துப் புண்ணில் அப்புவது, முன்னர்க் கூறிய காரணத்தால் தவிர்க்கத்தக்கது. பிறந்த நாள் முதல் மெழுகு பூசினால் கரப்பானே வராது என்று சிலர் எதிர்பார்த்தனர். 2020ஆம் ஆண்டில் வெளியான பெரிய ஆய்வு ஒன்று அவ்வாறு தடுக்க இயலவில்லை எனக் காட்டிற்று. ஆகவே மெழுகு வந்த நோயைத் தணிக்கும். வருமுன் காக்கும் என்று நம்ப இடமில்லை.

அழற்சி மிகுந்தபொழுது மெழுகு மட்டும் போதாது. 1952ஆம் ஆண்டில் சல்ஸ்பெர்கரும் விட்டன் என்பாரும் ஹைட்ரோகார்டிசோன் களிம்பால் கரப்பான் தணிதலைக் காட்டினர். அதுமுதல் ஸ்டிராய்டு களிம்புகளே முதன்மையான மருந்தாக விளங்குகின்றன. இவற்றைப் பற்றி நம்மிடையே இரு தவறுகள் உள. ஒரு சாரார், பெயரைக் கேட்டே அஞ்சி, ஒரு கடுகளவு தடவிவிட்டு, பயனில்லை என்று நிறுத்துவர். மற்றொரு சாரார், மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கி, எந்த அரிப்புக்கும், முகம் வெளுப்பதற்கும்கூட மாதக்கணக்கில் பூசுவர். பின்னவரால் தோல் மெலிகின்றது. படர்தாமரை அடங்கியதுபோல் தோன்றி அடங்காமற் பரவுகின்றது. 2018ஆம் ஆண்டில் இந்திய அரசு இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று விதித்தது இதன்பொருட்டே. அளவுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு: பெரியவரின் ஆட்காட்டி விரல் நுனியிலிருந்து முதற் கோடு வரை பிதுக்கிய களிம்பு, பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்குப் போதும். எந்த வலிமையுள்ள களிம்பு, எத்தனை நாள் என்பதை மருத்துவர் கூறுவார். கடுமையான நோய்க்கு இன்று ஊசி வழி செலுத்தும் புதிய மருந்துகளும் வந்துள்ளன. சீழ் வைத்தாலோ, காய்ச்சலோடு வலியுள்ள கொப்புளங்கள் விரைந்து பரவினாலோ, அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் சொல்ல வேண்டியது ஒன்று எஞ்சியுள்ளது. நான் தலைமையாசிரியனாக இருந்த ஊரில், நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் கைமடிப்புகளில் கரப்பான் இருந்தது. அவளைத் தனியே உட்கார வைக்க வேண்டும் என்று பெற்றோர் சிலர் என்னிடம் வந்தனர். அவள் வகுப்பில் தூங்கி விழுகின்றாள், படிப்பில் நாட்டமில்லை என்று வகுப்பாசிரியரும் குறை கூறினார். ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரை அழைத்து, பெற்றோர் கூட்டத்தில் பேசச் செய்தேன். அவர் முதலில் அச்சிறுமியின் கையைப் பற்றித் தம் கையோடு வைத்துக்கொண்டு, “இது ஒட்டாது” என்றார். பின்னர், “இரவெல்லாம் அரிப்பில் விழித்திருக்கும் பிள்ளை பகலில் தூங்காமல் என் செய்யும்?” என்று கேட்டார். ஆசிரியர் தலைகுனிந்தார். ஒரு குடும்பம் தம் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிக்கொண்டது; ஏனையோர் அமைந்தனர். சிறுமி தன் பழைய பலகையிலேயே, தன் தோழியருகிலேயே அமர்ந்து அவ்வாண்டைப் படித்து முடித்தாள். அவள் காற்றோட்டமுள்ள இடத்தில் அமரவும், பையில் மெழுகுப் புட்டி வைத்துக்கொள்ளவும், வியர்வைக்குப்பின் கை கழுவி வரவும் இசைவு தந்தோம். பள்ளிக்கு இதனால் ஒரு காசும் செலவில்லை.

நேயர்களே, தொகுத்துக் கூறுகின்றேன். கரப்பான் தொற்றாது. அதன் வேர் பெரும்பாலும் தோற்சுவரின் குறையில் உள்ளது. அக்குறை வழியே ஒவ்வாமை நுழைகின்றது. ஆகவே சுவரைக் காப்பது ஒவ்வாமையையும் ஓரளவு தடுத்தல் கூடும். உணவை விலக்குவது, சான்று கண்டு, மருத்துவர் சொற்படி, வேண்டிய ஒன்றை மட்டும் விலக்குவதாக அமைய வேண்டும். நாளைக் காலை உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ கரப்பான் உடைய குழந்தை ஒன்று இருக்குமாயின், அதன் இலையில் இருக்கும் உணவையும், அதன் அருகில் இருக்கும் தோழரையும் காரணமின்றி எடுத்துவிடாதீர்கள். அக்குழந்தைக்கு இவை இரண்டும் மருந்தினும் குறைந்தவை அல்ல.